விளாங்குடி மருதமரத்தின் உயரம்

கணக்கு வாத்தியார் அனந்தநாராயணனின் படத்தைப் பள்ளிக்கூட ஹாலில் மாட்டப்போகிறார்களாம். அதை நான் வரைய வேண்டுமாம். படத்துக்குக் கீழே வைக்க அவருடைய வாழ்க்கையைப் பற்றி நாலு வரியும் எழுதித் தர வேண்டுமாம். இருபது வருஷம் அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்திருந்தவர்களில் நான் ஒருத்தன்தான் மிச்சம் என்பதால் எனக்கு இந்தப் பாக்கியம். படத்தை வரைந்துவிடுவேன். மூக்குக்கண்ணாடி, தலைப்பாகை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு எல்லாம் கைக்கு வரும். நாலு வரிதான் வரமாட்டேன் என்கிறது. நாலு வரியில் அடங்காததை இங்கே எழுதி வைக்கிறேன். இதை எந்த ஹாலிலும் மாட்டமாட்டார்கள்.

அவர் பிறந்தது திருப்பரங்குன்றத்தில், 1883ஆம் வருஷம். மலைக்கு அடியில் பிறந்து, மலையைப் பார்த்துப் பல் விளக்கி, மலையைச் சுற்றி நடந்து பரீட்சைக்குப் படித்தவர். அந்த மலை எத்தனை அடி உயரம் என்று ஒருநாளாவது அவருக்குத் தோன்றியிருக்குமா என்று நான் யோசித்ததுண்டு. தோன்றியிருக்காது. பி.ஏ., எல்.டி. முடித்து எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். சிம்மக்கல்லில் ஒரு சந்தில் வீடு பிடித்தார். தர்மாம்பாள் என்ற பொறுமைசாலியைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கப்புறம் முப்பது வருஷம் அவர் வாழ்க்கையில் ஒன்றும் நடக்கவில்லை. எதையும் அவர் நடக்கவிடவும் இல்லை.

பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்தில் கணக்கை விருப்பப் பாடமாக எடுத்த பையன்களுக்கு அவர் டிரிகனாமெட்ரி நடத்துவார். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், எனக்கே புரிகிற விஷயம்தான். ஒரு மரத்துக்கு முன்னால் கொஞ்ச தூரம் தள்ளி நிற்கிறோம். நமக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கும் தரை ஒரு பக்கம். நெட்டுக்குத்தாக நிற்கும் மரம் இன்னொரு பக்கம். நம் கண்ணிலிருந்து மரத்தின் உச்சிக்கு ஓடும் பார்வை மூன்றாவது பக்கம். ஒரு செங்கோண முக்கோணம் ஆகிவிட்டது. உச்சியைப் பார்க்க நம் பார்வை எத்தனை டிகிரி நிமிர்கிறது என்று அளந்துவிட்டால், மரம் அந்தத் தரைத் தூரத்தைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லிவிடலாம். அந்த மடங்குக்குப் பெயர் டேன். நாற்பத்தைந்து டிகிரி என்றால் மடங்கு ஒன்று, மரமும் தூரமும் சமம். அறுபது டிகிரி என்றால் ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. மரத்தில் ஏறாமல், மரத்தை வெட்டாமல், தரையில் நின்றபடியே உயரத்தைச் சொல்லிவிடலாம். மனிதன் கண்டுபிடித்தவற்றில் இதைவிட அழகானது குறைவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த அழகை அனந்தநாராயணன் என்ன செய்து வைத்திருந்தார் என்றால், உலகத்தில் மூன்றே கோணங்கள்தான் என்று ஆக்கி வைத்திருந்தார். முப்பது, நாற்பத்தைந்து, அறுபது. இந்த மூன்றுக்குத்தான் விடை சுத்தமாக வரும். பாதி, ஒன்று, ரூட் இரண்டு, ரூட் மூன்று. காலையில் முதல் மணி அடித்ததும் பையன்கள் எழுந்து நின்று இதை மந்திரம் மாதிரி ஒப்பிக்க வேண்டும். மற்றக் கோணங்களுக்காக அச்சடித்த அட்டவணைப் புத்தகம் ஒன்று இருந்தது. அதற்குக் காலிகோ துணியில் அட்டை போட்டு அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். டெசிமல் புள்ளி என்றாலே அவருக்கு முகம் சுருங்கும். “அழுக்கு” என்பார். புள்ளி வைத்த விடை எழுதிய பையனின் நோட்டு ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போகும்.

அதே ஜன்னல் வழியாகப் பார்த்தால் கோயிலின் தெற்குக் கோபுரம் தெரியும். ஒரு வருஷம் துடுக்கான பையன் ஒருவன், “சார், அந்தக் கோபுரத்தை அளந்து பார்க்கலாமா?” என்று கேட்டுவிட்டான். “கோபுரம் சிலபஸில் இல்லை” என்றார். கேட்டதற்காகக் கையில் நாலு அடியும் கொடுத்தார். இந்த மனிதரைத்தான் ஊர் கணிதப் புலி என்றது. புலிக்கு இவ்வளவு மரியாதைக் குறைவு வேறு எங்கும் நேர்ந்திருக்காது.

நான் டிராயிங் மாஸ்டர். என் பெயர் முத்துக்கருப்பன். இருபது வருஷத்தில் ஒருநாளும் அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. “ஓய் டிராயிங்” என்பார். அவருக்கு நேர்க்கோடு போட வராது. அதனால் பரீட்சைத் தாளுக்கு முக்கோணம் போடுவது என் வேலை. நானும் போட்டுக் கொடுத்து, பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தேன். அவரை ஏசுகிறேனே, என் யோக்கியதையும் சேர்ந்தே தெரியட்டும்.

1934ஆம் வருஷம் ஆவணி மாதம். வக்கீல் ஹாலாஸ்யத்தின் மகன் அப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தான். வக்கீலுக்கு விளாங்குடியில் கால்வாய்க்கரையோரம் நிலம் இருந்தது. கரையில் பெரிய மருதமரம் ஒன்று. அதைச் சாய்த்துக் கதவு, ஜன்னல் சட்டத்துக்கு அறுக்க வேண்டும் என்று வக்கீலுக்கு ஆசை. மேற்கே சாய்த்தால் கால்வாய் அடைபடும். வடக்கிலும் தெற்கிலும் அவர் வைத்த தென்னங்கன்றுகள். கிழக்கேதான் சாய்க்க முடியும், மரமும் அந்தப் பக்கம்தான் லேசாகச் சரிந்து நின்றது. கிழக்கே எண்பத்துநாலு அடி தள்ளி ஒச்சம்மாளின் வீடு இருந்தது.

ஒச்சம்மாள் வக்கீலின் வயலில் நடவுக்கும் களைக்கும் போகிற பெண். அவள் புருஷன் சின்னான் கொழும்புக்குத் தோட்ட வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அவளும் இரண்டு பெண்களுமாக மூன்று கோடையில் கால்வாய் மண்ணைச் சுமந்து குழைத்து எழுப்பிய வீடு அது. ஒரு சாண் கனச் சுவர், மேலே பனையோலை, வாசலுக்கு வேப்பம்பலகையில் கதவு. அந்தச் சேரியில் கதவு வைத்த வீடு அது ஒன்றுதான். கால்வாய்க்கு வண்டிப்பாதை போட அந்த இடம் வசதி என்று வக்கீலுக்கு வெகுநாளாகக் கண் இருந்தது. ஆனால் அவருடைய அப்பா காலத்தில் வாய்ச்சொல்லாகக் கொடுத்த இடம், காரணம் இல்லாமல் காலி செய்யச் சொன்னால் ஊர் பேசும். மரம் நல்ல காரணமாக வந்து சேர்ந்தது.

மரம் வெட்ட வந்தவன் முத்திருளன். தண்டைத் தட்டிப் பார்த்தான், தள்ளி நின்று அண்ணாந்து பார்த்தான். “எழுபத்தஞ்சடிக்கு மேல போகாது சாமி. வீட்டுச் செவுத்தத் தொடாது” என்று சொல்லிவிட்டான். வக்கீலுக்கு இந்த விடை பிடிக்கவில்லை. ஊர்க்காரர்களைக் கூட்டி, படித்த ஒருவரை வைத்து முறைப்படி அளப்போம் என்றார். மரம் வீட்டுக்கு எட்டாது என்றால் வீடு இருக்கட்டும், எட்டும் என்றால் பிரித்துவிட வேண்டும். அவர் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் புலி இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது? ஒச்சம்மாளும் சரி என்றாள். “படிச்சவுக அளந்து சொன்னாச் சரிதான். பொய்யாச் சொல்லப் போறாக?” என்றாளாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வக்கீலின் வில்வண்டியில் போனோம். போர்டில் வைத்து வரையும் பெரிய மரப் பாகைமானியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார் அனந்தநாராயணன். டேப்பைத் தூக்க நான். வாழ்நாளில் முதல்முறையாக அன்றைக்குத்தான் அவர் வெளியில் ஒரு கோணத்தை அளக்கப் போகிறார் என்று எனக்கு அங்கே போனபிறகுதான் தெரிந்தது. பாகைமானியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. நான் அதன் நடுவில் ஒரு நூலைக் கட்டி, நூலில் கல்லைத் தொங்கவிட்டேன். நேர் விளிம்பு வழியாக உச்சியைப் பார்த்தால் தொங்கும் நூல் எத்தனை டிகிரி என்று காட்டிவிடும்.

மரத்திலிருந்து சரியாக ஐம்பது அடியில் நிற்கச் சொன்னார். தனக்குக் கண் சரியில்லை, நீர் பாரும் என்றார். பார்த்தேன். மேல் கொப்பின் கடைசி இலை விளிம்பில் வந்து உட்கார்ந்தது. நூல் அசையாமல் நின்றது.

“ஐம்பத்துநாலு” என்றேன்.

“என்னது?”

“ஐம்பத்துநாலு டிகிரி.”

“சரியாப் பாரும் ஓய்.”

மறுபடி பார்த்தேன். ஐம்பத்துநாலுதான்.

“ஐம்பத்துநாலுன்னு கோணம் எங்கேயாவது உண்டா? அறுபதா இருக்கும். நூல் காத்துல ஆடறது.”

ஒரு இலை ஆடவில்லை. “காத்து இல்லையே சார்” என்றேன்.

“படம் போடறது உம்ம வேலை, கணக்கு என் வேலை. அறுபதுன்னு எழுதும்.”

எழுதினேன். என் கையால், பென்சிலைக் கூராகச் சீவி, அழகாக எழுதினேன். அவர் வாயாலேயே கணக்கைச் சொல்லி முடித்தார். டேன் அறுபது ரூட் மூன்று, மரத்தின் உயரம் ஐம்பது ரூட் மூன்று, அதாவது எண்பத்தாறரை அடிக்கு மேல். வீடு இருப்பது எண்பத்துநாலில். “மரம் சுவத்துல விழும்” என்று கைத்தடியை ஊன்றிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். பார்த்த கண் தரையிலிருந்து ஐந்தடி மேலே இருந்தது, அதைக் கூட்ட வேண்டும் என்பதுகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை. வக்கீல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். முத்திருளன் வாயைத் திறந்தான். “உனக்கு டேன் தெரியுமாடா?” என்று வக்கீல் கேட்டதும் மூடிக்கொண்டான்.

ஒச்சம்மாள் மட்டும் கேட்டாள். “ரெண்டரையடிதான சாமி இடிக்கிது. முன்செவுத்த மட்டும் எடுத்துக்கிட்டா ஆகாதா?”

“எட்டறது எட்டறதுதான்” என்றார் வக்கீல். வியாழக்கிழமைக்குள் பிரித்துவிட வேண்டும் என்று நாளும் சொன்னார்.

திங்கட்கிழமை மத்தியானம் அனந்தநாராயணன் சாப்பிட வீட்டுக்குப் போனதும், மேஜையில் விட்டுப்போன சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தேன். காலிகோ போட்ட அந்தப் புத்தகத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. டேன் ஐம்பத்துநாலு, 1.3764. ஐம்பதால் பெருக்கினால் அறுபத்தொன்பதுக்குக் கொஞ்சம் குறைவு. கண் உயரம் ஐந்தடியைக் கூட்டினால் எழுபத்துநாலு. முத்திருளன் அண்ணாந்து பார்த்துச் சொன்னதும் அதுதான். வீட்டுக்கும் மரத்தின் நுனிக்கும் நடுவே பத்தடி இடைவெளி. ஒரு காகிதத்தில் படம் போட்டு, கணக்கை எழுதி, அவர் வந்ததும் முன்னால் வைத்தேன்.

அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தார். “யாரைக் கேட்டு எடுத்தீர்?”

“சார், மரம் எழுபத்துநாலு அடிதான். வீட்டில் விழாது.”

“எழுபத்துநாலா? சரியா எழுபத்துநாலா?”

“எழுபத்துமூணே முக்கால் சொச்சம்.”

“சொச்சம்!” என்று சிரித்தார். “சொச்சம் வந்தாலே விடை தப்பு ஓய். ஐம்பது ரூட் மூணு. எவ்வளவு சுத்தமா இருக்கு பாரும்.” என் காகிதத்தை மடித்து, வெற்றிலைச் சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டார்.

விளாங்குடி எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து நாலு மைல். என்னிடம் சைக்கிள் இருந்தது. செவ்வாய், புதன் இரண்டு நாள் சாயங்காலமும் எனக்கு ஒரு வேலையும் இல்லை. நான் போகவில்லை. ஹெட்மாஸ்டர் காதுக்குப் போகுமே என்று நினைத்தேன். டிராயிங் மாஸ்டர் கணக்கு வாத்தியாரைத் திருத்துகிறானா என்று சிரிப்பார்களே என்று நினைத்தேன். வக்கீலுக்கு நிர்வாகக் கமிட்டியில் ஆள் உண்டே என்றும் நினைத்தேன். அவராவது மடையர். நான் தெரிந்தே வாயை மூடிக்கொண்டு சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை வீட்டைப் பிரித்தார்கள். அடுத்த ஞாயிறு மரத்தைச் சாய்த்தார்கள். வேடிக்கை பார்க்க எங்கள் இருவரையும் வக்கீல் மறுபடி வண்டி அனுப்பி அழைத்தார். அனந்தநாராயணன் மடிப்புக் கலையாத அங்கவஸ்திரத்தோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தன் கணக்கு நிரூபணமாவதைப் பார்க்க அவ்வளவு ஆசை. மரம் மளமளவென்று முறிந்து, கிழக்கே பார்த்து நேராக விழுந்தது. புழுதி அடங்கியதும் எல்லோரும் அந்த நுனியைத்தான் பார்த்தோம். கடைசி இலைக்கும் ஒச்சம்மாள் வீட்டு அஸ்திவாரத்துக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டியை நிறுத்தலாம். முத்திருளன் கோடரிக் காம்பால் அளந்துகொண்டே போய், பத்தடிக்கு மேலே இருக்கு என்றான்.

“விழற வேகத்துல நுனி ஒடிஞ்சு சிதறியிருக்கும்” என்றார் அனந்தநாராயணன்.

“ஒரு கொப்புகூட ஒடியல சாமி. வந்து பாருங்க.”

அவர் போய்ப் பார்க்கவில்லை. ஒச்சம்மாள் அவர் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. “அளவு தப்பாப் போச்சா சாமி?” என்று கேட்டாள்.

“அளவு தப்பாகாது. டேன் அறுபது ரூட் மூணுதான். யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு.”

“அப்ப எதுதான் தப்பு?”

வக்கீல் குறுக்கே வந்து, அறுத்த மரத்தை அடுக்க அந்த இடம் வேண்டும், வீட்டுப் பேச்சைத் தை மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஒச்சம்மாள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் பக்கம் வந்தாள்.

“அய்யா, நீங்கதான அன்னைக்குக் கண்ண வச்சுப் பாத்தீக. உங்க கண்ணுக்கு எம்புட்டுன்னு தெரிஞ்சிச்சு?”

அனந்தநாராயணன் நாற்காலியில் இருந்து என்னைப் பார்த்தார். வக்கீலும் பார்த்தார்.

“அறுபது” என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நான் சொன்னதை நம்பினாள் என்பதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. தை மாதம் அந்த இடத்தில் வண்டிப்பாதை வந்தது. ஐப்பசி மழை முழுக்க அவளும் பெண்களும் கால்வாய் மதகுக்குப் பக்கத்தில் நாலு ஓலையைச் சாய்த்துக்கொண்டு கிடந்தார்கள். மூத்தவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பிறகு மூவரும் பட்டணத்துப் பக்கம் மில் வேலைக்குப் போய்விட்டதாக முத்திருளன் சொன்னான். எந்த மில், எந்தத் தெரு என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்துத் தெரிந்துவிட்டால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

அனந்தநாராயணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத் தூக்கம் கெட்டதாகவோ பசி குறைந்ததாகவோ நான் கேள்விப்படவில்லை. 1938இல் மாலை மரியாதையோடு ஓய்வுபெற்றார். முப்பது வருஷத்தில் ஒரு தப்புக் கணக்குப் போடாதவர் என்று ஹெட்மாஸ்டர் பேசினார், எல்லோரும் கை தட்டினோம். 1941இல் படுக்கையில், மரியாதையாகச் செத்தார்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு மரம் சாய்த்த அந்த 1934ஆம் வருஷத்து டிசம்பர்தான் முன்னால் வருகிறது. அரைப்பரீட்சைத் தாளுக்கு ஒரு கணக்குக் கொண்டுவந்தார். ஒரு மரத்திலிருந்து ஐம்பது அடி தூரத்தில் நிற்பவன் அதன் உச்சியை அறுபது டிகிரியில் பார்க்கிறான், மரத்தின் உயரம் என்ன? “உண்மையா நடந்ததுலேர்ந்து எடுத்தது ஓய்” என்றார், பெருமையாக. வழக்கம்போல என்னைப் படம் போடச் சொன்னார். மரத்தைப் போட்டேன், தரையைப் போட்டேன், நிற்கிற ஆளைப் போட்டேன். கை தானாகக் கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டையும் போட்டது, கதவு வைத்த வீடு.

“இது என்ன?” என்றார். “கணக்குக்கு வேண்டாதது. எடுத்துடும்.”

ரப்பரை எடுத்து அழித்தேன். நாற்பத்தொரு பையன்கள் அந்தக் கணக்கை எழுதினார்கள். ஐம்பது ரூட் மூன்று. நாற்பத்தொரு பேருக்கும் முழு மார்க்.